வாத்துப் படகில் இடம் பிடித்த பாப்பா

கோடை விடுமுறைக்காகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

"ஓய்வு பெற்ற பெரியவரு அட்வைஸ் பண்ண வந்துட்டாருடா" என்று நீங்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொள்வது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. பெண் பார்க்கப் போகிற வீடுகளில் "பையன் பார்க்குல வேல" என்றதும் "வாட்ச்மேனா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கவலையே எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் வாத்துப் படகு மேடையிலிருந்து நான் ஓய்வு பெற்றது உண்மைதான். என்னை மேலே கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றிவிட்டார்கள். இனி அந்த மேடையில் வெயில் காய்ந்துகொண்டு நிற்கப்போவது நீங்கள்.

உங்களில் பாதிப் பேர் ராட்சத ஊஞ்சலில் வேலை கேட்டீர்களாம். வாத்துப் படகு என்றதும் முகம் சுருங்கிவிட்டதாம். "சின்னப் பசங்க ஆடுறது, அதுல இன்னாண்ணா இருக்குது?" என்று ஒருவர் கேட்டதாகவும் காதில் விழுந்தது. சொல்கிறேன். ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்குகிறவனைக் காப்பாற்ற இரும்புக் கம்பி இருக்கிறது, பெல்ட் இருக்கிறது, அவனுக்கே உயிர்மேல் ஆசையும் இருக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. அதற்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

பெல்ட் மாட்டுவது, கம்பி இறக்குவது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதை நான் மறுபடி சொல்லி உங்களைத் தூங்க வைக்கமாட்டேன். நகர்ந்துகொண்டே இருக்கிற படகில் ஒரு சின்னப் பிள்ளையை ஏற்றுவது பற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வாத்துப் படகை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது நிற்காது. தண்ணீருக்கு அடியில் ஓடும் சங்கிலி, வாத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டே இருக்கும். மேடையை ஒட்டி வரும்போதும் அதே வேகம்தான். வேகம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். களத்தில் காயப்போட்ட மல்லாட்டைமேல், அதாவது வேர்க்கடலைமேல், கால் படாமல் நடப்போமே, அந்த மாதிரி ஒரு நிதானம். மேடை நெடுக வாத்து ஆடிக்கொண்டே வரும்போது ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும். மேடை முடிகிற இடத்தில் மடிக்கு மேலே ஒரு கம்பி தானாக இறங்கும். பிறகு குகை, குகைக்குள் வாயைத் திறந்து மூடும் முதலை, காது ஒடிந்த சிமென்ட் யானை, ஒரு வளைவு, மறுபடி மேடை.

நம் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் எல்லா வாத்தும் ஒரு குலுக்கலோடு நிற்கும். நின்றால், குகைவரை ஆள் போய் ஒவ்வொரு படகாகப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் மறுபடி ஓட்டலாம். குலுக்கல் இல்லாமல் மெதுவாக நிறுத்தவும் வழி இருக்கிறது. ஆனால் அது மேலே கட்டுப்பாட்டு அறையில். வாக்கிடாக்கியில் சூப்பர்வைசரிடம் கேட்டு, அவர் சரி என்றால்தான் நடக்கும். கூட்ட நாளில் அவரிடம் அதைக் கேட்பதும், கல்யாணப் பந்தியில் இன்னொரு ஜாங்கிரி கேட்பதும் ஒன்று. கேட்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வாய்தான் வராது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அதனால் எழுத்துத் தமிழ்மேல் எனக்கு ஒரு மரியாதை, கொஞ்சம் திமிரும் உண்டு. படகைச் செய்தவர்கள் ஆங்கிலத்தில் அனுப்பியிருந்த விதிகளை நானே உட்கார்ந்து தமிழாக்கி, மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தேன். "அன்பார்ந்த பயணிகளே! நகரும் படகில் பெரியவர் முதலில் அமர்ந்து, அதன்பின்னர் குழந்தையைப் பெற்றுக்கொள்ளவும்."

இறங்கும் பக்கத்தில் நின்றவர் மேரி அக்கா. திண்டிவனத்துக்காரர். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவர், ஆனால் வாய் முப்பது வயது மூத்தது. அன்று முழுவதும் அவர் சிரிப்பை அடக்கவில்லை.

"தம்பி, 'பெற்றுக்கொள்ளவும்'னு சொல்றியே, ஜனங்க இது பிரசவ வார்டுனு நெனைச்சிக்கப் போறாங்க. ஒக்காந்ததும் பெத்துக்கணும்னா யாருப்பா ஏறுவா?"

"அப்போ எப்படிக்கா சொல்றது?"

"நீ படிச்ச புள்ள. நீயே சொல்லு."

அதையே மறுபடி மறுபடி அறிவித்தேன். கேட்டவர்களில் ஒருவராவது அதன்படி நடந்தார்களா என்றால், இல்லை.

அந்த ஞாயிறு, பொங்கல் விடுமுறை முடிகிற ஞாயிறு. வரிசை நான்கு மடிப்பு மடிந்து ஐஸ்கிரீம் கடையைத் தாண்டி நின்றது. நம் சூப்பர்வைசர் காலையிலேயே எல்லோரையும் கூப்பிட்டு, "இன்னைக்கு ஒரு வாத்துகூட நிக்கக்கூடாது. நின்னா நான் பொங்கிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மதியத்துக்கு மேல் கோட்டக்குப்பத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்த ஒரு குடும்பம் வரிசையின் முன்னால் வந்தது. கணவர் நசீர், மனைவி ஷகீலா, அவர் இடுப்பில் ஆலியா என்கிற பாப்பா. இரண்டு வயது முடிந்திருக்கும். கூடவே ஷகீலாவின் அண்ணன் சலீம். சலீம் டைல்ஸ் கடை வைத்திருக்கிறவர் என்பது மேடையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது, ஏனென்றால் எங்கள் தரையைத் தட்டிப் பார்த்து, "இத போட்டவன் எவன்? தண்ணி பட்டா வழுக்கும்பா" என்று உரக்கச் சொல்லிவிட்டார். நசீர் புதுச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தார். சட்டையில் மடிப்பு கலையவில்லை. கண்ணாடியைக் கழற்றவும் இல்லை.

"எத்தினி பேருங்க ஏறுறீங்க?" என்று கேட்டேன்.

"நான் வர்ல தம்பி. எனக்குத் தண்ணியில சுத்துனா வாந்தி வந்துரும்" என்றார் ஷகீலா. "அவரும் பாப்பாவும் மட்டும்."

"அவரும் பாப்பாவுமா?" என்று சலீம் சிரித்தார். "நடக்கிற கதையா பேசும்மா. ஒரு மாசமா ஒரே வீட்ல கெடக்குறான். பாப்பா இன்னும் அவன்கிட்ட ஒரு பிஸ்கட்டு வாங்கல."

"வாங்குவா மச்சான். அவசரம் இல்ல" என்றார் நசீர்.

"அவசரம் இல்லியா? நாளைக்கு ராத்திரி ஒனக்கு ஃபிளைட்டு மாப்ள!"

நசீர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். ஷகீலாதான் என்னிடம், மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். "இவ பொறந்து நாப்பது நாள்ல அவரு வெளிநாட்டு வேலைக்குக் கெளம்பிட்டாரு தம்பி. இப்பதான் லீவுல வந்தாரு. இவளுக்கு 'அத்தா'ன்னா, அதான் அப்பான்னா, போனுக்குள்ள கை ஆட்டுறவரு. இவர யாரோனு நெனைச்சிக்கினு இருக்கா. காலைல எழுந்ததும் இவரப் பாத்துட்டு, 'அங்கிள் எப்போ போவும்?'னு கேக்குறா."

"வாடகை அத்தானு நெனைச்சிட்டா போல" என்றார் சலீம். வரிசையில் சிலர் சிரித்தார்கள். நசீரும் கூடச் சேர்ந்து சிரித்தார். கறுப்புக் கண்ணாடி எதற்கு என்று எனக்கு அப்போது புரிந்தது.

நசீர் கையை நீட்டினார். "வாம்மா. வாத்து பாக்கலாம்."

பாப்பா அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். ஷகீலா மெல்லப் பிரித்து அவர் கையில் கொடுக்கப் பார்த்தார். அவ்வளவுதான், பாப்பா முதுகைப் பின்னால் வளைத்துக்கொண்டு வீறிட்டாள்.

இதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அழுகிற பிள்ளையை ஏற்றலாம். முதுகை வளைக்கிற பிள்ளையை ஏற்றக்கூடாது. அழுகை என்றால் பயம். முதுகு வளைந்தால் "மாட்டேன்" என்று அர்த்தம். அப்படி வளைந்த பிள்ளையை எந்தப் பெரிய கையாலும் பிடித்துவைக்க முடியாது. குளிப்பாட்டும்போது நழுவுமே, அப்படி நழுவும்.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்கண்ணே" என்றேன். "நாலு வாத்து போவட்டும். பாப்பா பாக்கட்டும்."

அவர்களை மேடையின் ஓரத்தில் நிறுத்திவிட்டுப் பின்னால் இருந்தவர்களை ஏற்றினேன். பாப்பா அம்மாவின் தோளிலிருந்து ஒரு கண்ணை மட்டும் வெளியே எடுத்தாள். வாத்து ஒன்று போனது. இன்னொரு கண்ணும் வந்தது. அடுத்த வாத்து போகும்போது அழுகை நின்றது. அதற்கடுத்த வாத்துக்குக் கையை நீட்டினாள்.

"வாத்துல போலாமா?" என்று நசீர் கேட்டார்.

"ம்."

"அத்தா கூட?"

"வேணா. மாமா கூட."

"பாத்தியா!" என்றார் சலீம். ஆனால் இந்த முறை அவர் குரல் பாதியில் இறங்கிவிட்டது.

நசீர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. "சரி மச்சான், நீயே கூட்டிக்கினு போ. அவளுக்கு வாத்து பாத்தா போதும். நான் இங்கேருந்து வீடியோ எடுத்துக்குறேன். அங்க போயி பாத்துக்குவேன்."

தம்பி, தங்கைகளே, வேலை என்று பார்த்தால் எனக்கு அதோடு முடிந்தது. பாப்பாவுக்குப் பழகின பெரியவர் ஒருவர், பாப்பாவுக்குச் சம்மதம், விதியில் ஒரு குறையும் இல்லை. சலீமை உட்கார வைத்துப் பாப்பாவைக் கொடுத்தால் வரிசை நகரும். ஆனால் அந்தக் கண்ணாடியைத் துடைத்த விதம் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"இன்னும் ரெண்டு வாத்து பாக்கலாமாண்ணே" என்றேன். இப்படி ஒரு விதி எங்கும் எழுதப்படவில்லை. அது என் வாயிலிருந்து தானாக வந்தது.

வரிசையில் அடுத்து நின்றவர் அனந்தபுரத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு மீசைக்காரர். அவருக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னாப்பா பேஜாரு இது! அவங்க ஏறுறாங்களா, இல்ல நாங்க ஏறட்டுமா? ஜல்தி ஒரு முடிவு சொல்லு."

சொல்லிக்கொண்டே, காலியாக வந்த அடுத்த வாத்தைப் பார்த்து ஓர் அடி முன்னால் வைத்தார். ஓர் அடிதான்.

சலீம் அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார். அடுத்து நடந்ததைச் சலீம் யோசித்துச் செய்ததாக நான் நினைக்கவில்லை. அவர் கைகள் செய்தன. ஷகீலாவின் இடுப்பிலிருந்து பாப்பாவை வெடுக்கென்று தூக்கி, மீசைக்காரரின் தோளுக்கு மேலாகக் கொண்டுபோய், நகர்ந்துகொண்டிருந்த வாத்துக்குள் இருக்கையில் உட்கார வைத்துவிட்டார்.

"எடம் புடிச்சாச்சு! ஏறு மாப்ள, ஏறு!"

பெரியவர்கள் அத்தனை பேரும் மேடையில். பாப்பா தனியாக வாத்தில். வாத்து போய்க்கொண்டிருந்தது. முன்னால், மேடை முடிகிற இடத்தில், பெரியவர் மடிக்கு ஏற்ற உயரத்தில் இறங்குகிற கம்பி. அந்த உயரத்தில்தான் பாப்பாவின் தலை இருந்தது.

அந்த நேரத்தில் உங்கள் உடம்பு இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்யச் சொல்லும். ஒன்று, பாய்ந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கு என்னும். உங்களில் கபடி ஆடுகிறவர்களுக்கு இது கட்டாயம் வரும். நகரும் படகுக்கும் மேடைக்கும் நடுவில் நீங்கள் விழுந்தால், காப்பாற்ற வேண்டியவர்கள் இரண்டு பேராகிவிடுவார்கள். இன்னொன்று, கத்து என்னும். கத்தினால் பிள்ளை எழுந்து நிற்கும். ஷகீலா கத்தினார். தாய் அல்லவா, அவரைச் சொல்ல முடியாது. பாப்பா எழுந்து நின்று, வாத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

எனக்கும் கால் பரபரத்தது. ஆனால் கை பொத்தானில் இருந்தது. முதலில் கை, பிறகு கால். அழுத்தினேன்.

குலுக்கல் வருவதற்குள் நசீர் ஒரு காலை வாத்துக்குள் வைத்துவிட்டார். சங்கிலி இழுத்து நின்றது. அவர் வாத்துக்குள், அடித்தட்டில் தேங்கியிருந்த தண்ணீரில், மல்லாந்து விழுந்தார். கால் இரண்டும் வெளியே. கறுப்புக் கண்ணாடி கால்வாயில். பாப்பா தடுமாறி, அவர் வயிற்றின்மேல் வந்து உட்கார்ந்தாள். அவர் கைகள் அவளை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டன.

எல்லா வாத்தும் நின்ற இடத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

பாப்பா அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் அவ்வளவு பக்கத்தில் அவள் அந்த முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். உதடு பிதுங்கியது. நான் அழுகைக்குத் தயாரானேன்.

"டொம்மு" என்றாள்.

நசீர் எழுந்திருக்கவில்லை. விழுந்த மேனிக்கே, "ஆமாம்மா. டொம்மு" என்றார்.

பாப்பா சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றின்மேல் உட்கார்ந்தபடியே மேடைப் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் செய்தி சொல்வதுபோல் சொன்னாள். "அம்மா! அத்தா டொம்மு!"

ஷகீலா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மீசைக்காரர் தன்னை அறியாமல் கைதட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார்.

வாக்கிடாக்கி அலறியது. "யாருய்யா அமுக்குனது?"

"நாந்தான் சார். புள்ள தனியா படகுல இருந்திச்சி. இப்போ யாருக்கும் ஒண்ணும் இல்ல சார்."

"கூட்டம் எதுவரைக்கும் நிக்குது தெரியுமா?"

"தெரியும் சார்."

ஒரு மூச்சு விட்டார். "செரி. ஒவ்வொண்ணா பாத்துட்டு ஓட்டு."

ஒரு ஆளைக் குகைக்குள் அனுப்பிவிட்டுத் திரும்பினால், சலீம் மேடைத் தரையில் உட்கார்ந்திருந்தார். தான் குறை சொன்ன அதே டைல்ஸ்மேல். முகம் வெளுத்திருந்தது. அவரைத் திட்ட வேண்டும் என்று வாய்வரைக்கும் வார்த்தைகள் வந்தன. எல்லாம் நல்ல எழுத்துத் தமிழ் வார்த்தைகள்.

"நான் இன்னா பண்ணேன்னே எனக்குத் தெரியல தம்பி" என்றார். "எடம் போயிடுமேனு..."

வார்த்தைகள் அப்படியே உள்ளே போய்விட்டன.

எங்கள் ஊர் கோலியனூர் பக்கம். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் எங்கள் பஸ் வளைந்து வந்து நிற்பதற்குள், என் அம்மா என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கி, சன்னல் வழியாக உள்ளே விட்டுவிடுவார். "மூணு பேர் எடம், படுத்துக்கோ!" என்று கீழேயிருந்து குரல் வரும். நான் இருக்கையில் நீளமாகப் படுத்து, அம்மாவும் அக்காவும் ஏறி வரும்வரை யாரையும் உட்காரவிடமாட்டேன். நாள் முழுக்க மல்லாட்டை பிடுங்கிவிட்டு வருகிறவர் நின்றுகொண்டே ஊர் போய்ச் சேர முடியாது. உங்களிலும் எத்தனை பேர் இடம் போடுகிற துண்டாகவும் பையாகவும் சன்னல் வழியாக உள்ளே போயிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வெட்கப்படாதீர்கள். வெளிநாட்டில் இருந்து விதி எழுதி அனுப்பியவர்களுக்கு இது தெரிய வழியில்லை. நகர்ந்து வருகிற எதைப் பார்த்தாலும் முதலில் பிள்ளையைப் போட்டு இடம் பிடிப்பது நம் பக்கத்துக் கைகளுக்குப் பழகிப்போன வேலை. அதை அலட்சியம் என்று நினைத்தால் நாம் தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று பொருள். இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்கிற பயம் அது.

அப்படியென்றால் "பெரியவர் முதலில்" என்று எத்தனை தடவை அறிவித்து என்ன பயன்? பயத்துக்கு அதில் பதில் இல்லையே.

மைக்கை எடுத்தேன். என் அழகான அறிவிப்பை அன்றோடு விட்டேன். "யாரும் அவசரப்படாதீங்க. எடம் எங்கயும் போவாது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வாத்து. ஒங்க வாத்துல வேற யாரையும் நான் ஏத்தமாட்டேன். பெரியவங்க மொதல்ல ஒக்காருங்க. புள்ளைய நானே தூக்கிக் குடுக்குறேன்."

வரிசை ஒரு தளர்வு தளர்ந்தது. முன்னால் நெருக்கிக்கொண்டு நின்றவர்கள் அரை அடி பின்னால் போனார்கள். இறங்கும் பக்கத்திலிருந்து மேரி அக்கா கையை உயர்த்திக் காட்டினார். "இதுக்காடா இத்தினி வருசம் படிச்ச!" என்று கத்தினார். அது பாராட்டு. அவர் பாராட்டு அப்படித்தான் இருக்கும்.

இனி ஒரு முடிவு பாக்கி இருந்தது. வாத்து நிற்கிறது. இறக்குவதென்றால் இதைவிடப் பத்திரமான நேரம் கிடையாது. நான் குனிந்து நசீரிடம் கேட்டேன். "எறங்கிக்கிறீங்களாண்ணே?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அவளக் கேளுங்க."

இதுவும் பயிற்சியில் இல்லாத ஒன்று. இரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கலாம். கேட்டால் சொல்லும். "பாப்பா, எறங்கலாமா?"

பாப்பா வாத்தின் கழுத்தை ஒரு கையாலும், நனைந்த சட்டைக் காலரை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதுகைப் பார்த்தேன். வளையவில்லை.

நசீரை நேராக உட்கார வைத்தேன். பாப்பாவை அவர் மடியில், மேடைக்கு எதிர்ப் பக்கமாக வைத்து, அவர் கையைச் சுற்றிப் போடச் சொல்லி, கம்பியை நானே கையால் இறக்கினேன். இறக்கிய பிறகும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். குகைக்குள் போன ஆள் திரும்பி வந்து கட்டைவிரலைக் காட்டினார். சங்கிலி மறுபடி ஓடியது.

"மாமாவுக்கு டாட்டா சொல்லு" என்றார் நசீர்.

"டாட்டா."

சலீம் தரையில் உட்கார்ந்தபடியே கையாட்டினார். "போயிட்டு வாடி. என் தூக்கத்த ஒரு மாசத்துக்குக் கெடுத்துட்ட."

யாரும் வீடியோ எடுக்கவில்லை. போன் நசீர் பையில்தான் இருந்தது. நனைந்தும் இருந்தது.

ஷகீலா இறங்கும் பக்கம் போய் மேரி அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டார். குகை இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மீசைக்காரர் குடும்பத்தை ஏற்றினேன். அவர் முதலில் உட்கார்ந்து, "புள்ளைய குடுப்பா" என்று கையை நீட்டினார். சொன்ன சொல் வேலை செய்கிறது என்பதை அப்போதுதான் நம்பினேன். அவர் குடும்பத்தில் ஆள் அதிகம், பாதிப் பேர் அடுத்த வாத்துக்காக இன்னும் மேடையில் நின்றார்கள்.

வளைவில் அந்த வாத்து தெரிந்தது. பாப்பாவின் தலை நசீரின் தோளில் சாய்ந்திருந்தது. கை தொங்கிக்கொண்டிருந்தது. நசீர் ஆடாமல் அசையாமல், கழுத்தைக்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் பாப்பாவைச் சுற்றி இருந்ததால், கண்ணாலேயே எனக்கு ஏதோ சொன்னார். சத்தம் போடாதே என்று சொன்னார்.

தூங்கிவிட்டாள்.

ஏற்றுவதைவிட இறக்குவதில்தான் பிள்ளைகள் நம்மைச் சோதிப்பார்கள். இறங்கும்போது முறை தலைகீழ். பிள்ளையை முதலில் மேடையில் இருக்கிறவரிடம் கொடுத்துவிட்டு, அப்புறம் பெரியவர் இறங்க வேண்டும். ஆனால் தூங்குகிற பிள்ளையை, நகரும் படகிலிருந்து ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினால், பாதி வழியில் விழித்து உதறும். அவரே அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்றால், இரண்டு கையும் இல்லாத ஆள் நகரும் படகிலிருந்து கால் வைக்கக்கூடாது. இன்னொரு சுற்று அனுப்பலாம். அனுப்பினால் குகை இருட்டில், முதலை வாயைத் திறக்கிற இடத்தில் கண் விழிப்பாள். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் குலுக்கல்.

மேரி அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வாத்து வந்துகொண்டிருந்தது.

வாக்கிடாக்கியை எடுத்தேன். "சார், வாத்து மேடை. மெதுவா நிறுத்தணும் சார்."

"யோவ்! இப்பதானேய்யா நிறுத்துன? ஜனங்க என்னை மென்னு துப்பிடுவாங்க. இன்னா எமர்ஜென்சி?"

"எமர்ஜென்சி இல்ல சார்."

"பின்ன?"

ஆங்கிலத் தாளில் இதற்கு ஒரு வார்த்தை இருந்திருக்கலாம். எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

"பாப்பா தூங்குது சார். அவங்க அத்தா தோள்ல."

வாக்கிடாக்கியில் வெறும் கரகரப்பு மட்டும் கேட்டது. திட்டுவதற்கு மூச்சு இழுக்கிறார் என்று நினைத்து அதைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். வாத்து மேடையைத் தொட்டது. தொட்டு, கொஞ்சம் நகர்ந்து, இன்னும் கொஞ்சம் நகர்ந்து, ஷகீலாவுக்கு நேராக வந்து நின்றது. தண்ணீர்கூடத் தளும்பவில்லை. பின்னால் வந்த வாத்துகளும் ஒவ்வொன்றாக நின்றன.

வரிசையிலிருந்து யாரோ, "மறுபடியும் இன்னாப்பா..." என்று ஆரம்பித்தார்கள். மேடையில் மீதியிருந்த அனந்தபுரத்துக் கூட்டம் மொத்தமும் திரும்பி, "உஸ்ஸ்" என்றது.

வாக்கிடாக்கியில் சூப்பர்வைசர் குரல் வந்தது. பிள்ளை தன் அறையிலேயே தூங்குவதுபோல், அவ்வளவு சின்னக் குரல்.

"எழுப்பாம எறக்குங்கப்பா."